காற்றுக் கணக்கு

தேபி என்று ஒரு பிரெஞ்சுச் சொல். ஆங்கிலத்தில் டெபிட் என்று எழுதும் அதே எழுத்துகள்தான். கடைசியில் வரும் எழுத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதும் பற்றுக்கும் தேபி, ஒரு குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கும் தேபி. சாராயக் கடைக்குக்கூட அவர்கள் சட்டத்தில் 'தேபி தெ புவாசோன்' என்றுதான் பெயர். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை குடித்தனம் நடத்துகிறார்கள் பாருங்கள்.

என் வயதுக்காரர்களில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். குழாய்க் கணக்கு! ஒரு தொட்டி 600 லிட்டர் கொள்ளும், ஒரு குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர் விடும், அடியில் ஓட்டை வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஒழுகும், தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். ஓட்டையை முதலில் அடைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தால் என்ன என்று கேட்ட பையன் ஒருவனை வாத்தியார் மூலையில் நிற்க வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு சர்க்கார் வேலை. ஒரு துறையின் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு பற்று வரவு பார்த்தேன். அங்கே தேபிக்கு வேறு அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு அர்த்தமும் மறந்துபோயிருந்த நேரத்தில், சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், என் தங்கை மகனுடைய பிக்கப் வண்டியால் இரண்டும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

அவன் விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு வந்து விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டில் இறக்குபவன். பகலில் யார் கூப்பிட்டாலும் போவான். செங்கல் சூளைக்கும் போவான், கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றவும் போவான். டீசல் வண்டி, 2500 சி.சி., டர்போ உள்ளது. மாதத் தவணை இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. அந்த வண்டிதான் வீடு.

அது இழுக்க மறுத்தது. பிக்கப் வண்டியில் பிக்கப் இல்லை என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான், ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. வெறும் வண்டியாக ஓடும்போது பெரிதாகத் தெரியாது. லோடு ஏற்றி அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறினால் இரண்டாவது கியருக்கு வந்துவிடும், பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான். டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

வழக்கமாகப் பார்க்கும் ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் வைத்து விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மறுபடியும் எரிந்தது. மேஸ்திரி யோசித்துவிட்டு, "காத்து பத்தலன்னு காட்டுது. காத்து குடுக்கிறது டர்போ. டர்போ போச்சு" என்று சொல்லிவிட்டார். கூலியோடு 38,000 ரூபாய். அவன் மனைவியின் சங்கிலியையும் வளையலையும் அடகு வைப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கூட வந்து கையெழுத்துப் போட முடியுமா மாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தான்.

முப்பத்தைந்து ஆண்டு வவுச்சர் பார்த்தவனிடம் 38,000 ரூபாய்ச் செலவைக் கொண்டுவந்தால் என்ன கேட்பான்? "எதை வெச்சுடா டர்போன்னு சொன்னாரு?" என்று கேட்டேன். "ஸ்கேனர்ல வந்துச்சு மாமா" என்றான். ஸ்கேனரில் என்ன வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. போய் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பி-0101 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வந்தான்.

எனக்கு வண்டி வேலை தெரியாது. ஆனால் தெரிந்த ஒருவன் எனக்கு உண்டு. என் சித்தப்பா மகன் பாரீஸுக்கு வெளியே ஒரு ஊரில் முப்பது ஆண்டு கராஜில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் பிரான்சில் யாரைப் பார்த்தாலும் டீசல் கார்தான். 2012இல் அங்கே விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் டீசல். அதனால் அவன் கை படாத டீசல் எஞ்சின் கிடையாது. ராத்திரி போன் போட்டு நம்பரைச் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கரும்புகை வருதாண்ணே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகனிடம் கேட்டேன். இல்லை, புகையே இல்லை என்றான்.

"அப்ப டர்போவுல கைய வெக்காதீங்க. மொதல்ல தேபிமெத்ரைக் கழட்டிப் பாருங்க."

தேபி அளக்கும் மெத்ர். காற்றோட்ட மானி. நம் ஊர் மெக்கானிக்குகள் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் என்றோ, சுருக்கமாக மாஃப் என்றோ சொல்வது இதைத்தான். அன்றிரவு ஒரு மணி நேரம் அவன் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். குழாய்க் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும், டர்போவுக்குப் போகும் குழாயின் வாயில் இந்த மானி உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு சின்னத் தகடு, நகத்தளவுகூட இருக்காது. அதை மின்சாரம் சூடாக்கிக்கொண்டே இருக்கும், வரும் காற்றைவிட இத்தனை டிகிரி அதிகச் சூடு என்று ஒரு அளவில். காற்று அதன்மேல் ஓடினால் சூடு குறையும். குறைந்த சூட்டை ஈடுகட்ட எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு காற்று போனது என்று தெரிந்துவிடும். டபராவில் ஆற்றும் காப்பிதான். பலமாக ஊதினால் சீக்கிரம் ஆறும். சூடான கம்பி காற்றில் எப்படிச் சூட்டை இழக்கிறது என்பதற்கு 1914இலேயே கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் எல்.வி. கிங் என்பவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். வண்டிக்குள் இது வந்து சேர எழுபது ஆண்டு பக்கமாக ஆயிற்று.

இனி புகை விஷயம். மானி கொடுக்கும் கணக்கை நம்பித்தான் வண்டியின் கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுகிறது. காற்றுக்கு மேல் டீசல் போனால் கரும்புகை வரும், அது கூடாது என்பது அதற்கு இட்ட கட்டளை. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாய் கிழிந்து காற்று வெளியே போனால் என்ன ஆகும்? மானி எல்லாக் காற்றையும் வரவில் எழுதியிருக்கும், எஞ்சினுக்கோ அது வந்து சேர்ந்திருக்காது. கம்ப்யூட்டர் வரவை நம்பி டீசல் விடும், கரும்புகை வரும். மானியே குறைத்து எழுதினால் கதை தலைகீழ். நிஜத்தில் நிறைய காற்று வருகிறது, கணக்கில் குறைவாக இருக்கிறது. கம்ப்யூட்டர் பயந்துகொண்டு டீசலைக் குறைக்கும். புகை வராது, வண்டியும் இழுக்காது. இது நம் வண்டி.

பி-0101 என்பதற்கும் அவன் விளக்கம் சொன்னான். 0102, 0103 என்று வந்தால் மானியிலிருந்து வரும் மின்சாரம் அளவுக்குக் கீழே போய்விட்டது அல்லது மேலே போய்விட்டது. முதலில் ஒயரையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும். 0101 என்றால் எண் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை. என் ஆபீஸ் மொழியில் சொன்னால், 0102 என்பது கோப்பு வந்து சேரவில்லை. 0101 என்பது கோப்பு வந்தது, கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. ஒத்துவரவில்லை என்று மட்டும்தான் அந்த நம்பர் சொல்கிறது. எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று அது சொல்லவே இல்லை.

மறுநாள் ஒர்க்ஷாப்புக்கு நானும் போனேன். மேஸ்திரிக்கு என்னைப் பார்த்ததும் முகம் மாறிற்று. வேட்டி கட்டிய கிழவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய டீசல் எஞ்சினில் பம்ப்பைத் தொட்டுப் பார்த்தே நோய் சொன்ன கை அது. இருபத்தைந்து ஆண்டு கற்ற வேலைக்கு நடுவே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். எனக்கு அது புரியும். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆபீஸில் நுழைந்த முதல் நாள் என் முன்னால் வைத்த கோப்பு முழுக்க ஆங்கிலம். தெரிந்தவன் தெரியாதவனாகும் அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் என் வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"மேஸ்திரி, டர்போ மாத்தறதுன்னா மாத்துங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஒயரைக் கழட்டிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா?" என்றேன்.

"ஓட்டிப் பாக்கறதுக்கென்ன சார், காசா பணமா" என்றார்.

சாவியை அணைத்துவிட்டு மானியின் கனெக்டரைக் கழற்றினோம். கணக்கே வராவிட்டால் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் உத்தேசக் கணக்கை வைத்து ஓட்டும். பொய்க் கணக்கைவிட உத்தேசக் கணக்கில் வண்டி நன்றாக ஓடினால் சந்தேகம் மானி பக்கம் திரும்பும். (எல்லா வண்டியிலும் இந்தச் சோதனை ஒன்றுபோல் வேலை செய்யாது, சிலவற்றில் கழற்றியதுமே கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடும். அப்படியே கழற்றி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டவும் கூடாது.) அன்று அரை லோடு காய்கறி மூட்டை இருந்தது. மேஸ்திரியே ஓட்டினார், நான் பக்கத்தில். மேம்பாலத்தில் மூன்றாவது கியரை மாற்றாமலே ஏறி இறங்கினார். ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு டீ சொன்னார், எனக்கும் சேர்த்து.

இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. மானிக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், அந்த வழியாகவும் காற்று எழுதப்படாமல் உள்ளே போகும். அப்போதும் மானி குறைவாகத்தான் காட்டும், பழி மட்டும் அதன் மேல் விழும். குழாயைக் கழற்றி மடிப்பு மடிப்பாக விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார் மேஸ்திரி. வெடிப்பு இல்லை. கிளாம்ப் இரண்டும் இறுக்கம். மீட்டர் வைத்துப் பார்த்ததில் மானிக்கு வரும் 12 வோல்ட் சரியாக வந்தது, எர்த்தும் சரி.

ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. மருமகன் ரோட்டோரக் கடையில் விலை குறைவு என்று வாங்கிப் போட்ட ஃபில்டர். அதன் ரப்பர் விளிம்பு பெட்டியின் பள்ளத்தில் ஒரு மூலையில் உட்காரவே இல்லை. அந்த மூலையிலிருந்து மானியின் வாய் வரைக்கும் செம்மண் ஒரு கோடு போட்டிருந்தது, எறும்பு ஊர்ந்த தடம்போல. சூளைத் தூசி. அது சூடான தகட்டின்மேல் படிந்தால் கம்பளி போர்த்திய மாதிரிதான். காற்று ஓடினாலும் சூடு வெளியேறாது. குறைவான காற்று என்று மானி எழுதும்.

மருமகனின் மகள் கல்லூரியில் படிப்பவள். ஸ்டியரிங் அடியில் சொருகும் சின்ன அடாப்டர் ஒன்றை வரவழைத்து, போனில் மானியின் எண்ணைக் காட்டவைத்தாள். அவள் வாசிக்க, நான் எழுத, மேஸ்திரி ஆக்சிலரேட்டரை மிதிக்க என்று மூன்று பேர் வேலை. எவ்வளவு காட்ட வேண்டும் என்பதைக் குழாய்க் கணக்காகப் போட்டேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 2.5 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 1,500 தடவை, 3,750 லிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். மொத்தம் 4,312 கிராம். விநாடிக்கு 72 கிராம். எந்த எஞ்சினும் முழுக்க நிரம்பாது, நூற்றுக்கு 85 என்று வைத்தால் 61.

ஒரு சங்கடம் உண்டு. இந்தக் காலத்து டீசல் எஞ்சின் தான் விட்ட புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த அளவுக்குப் புதிய காற்று குறையும். அதனால் அந்த வால்வுக்குப் போகும் வாக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு எண்ணைப் பார்த்தோம். 61 இருக்க வேண்டிய இடத்தில் 34.

"தாத்தா, பாதிதான் வருது" என்றாள்.

"பாதி காத்த மறைச்சுட்டு டர்போ மேல பழி போட்டிருக்கு பாரு" என்று மேஸ்திரி மானியைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கட்சி.

கழுவிப் பார்க்கலாம் என்று ஒர்க்ஷாப் பையன் பெட்ரோலும் டூத் பிரஷ்ஷுமாக ஓடிவந்தான். நல்லவேளை, என் தம்பி முன்கூட்டியே சொல்லியிருந்தான்: பிரஷ் கூடாது, துணி கூடாது, விரல் கூடாது, கம்ப்ரெஸர் காற்றும் கூடாது. அந்தத் தகடு அவ்வளவு மெல்லியது. இதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே ஒன்று உண்டு, சீக்கிரம் ஆவியாகிவிடும், படிவு வைக்காது. அதைப் பத்துப் பன்னிரண்டு முறை அடித்தோம். காப்பித் தண்ணி மாதிரி அழுக்கு இறங்கியது. நன்றாகக் காயவிட்டு, சரியாக உட்காரும் புது ஃபில்டரையும் போட்டு மாட்டியபோது 41 காட்டியது. முன்னேற்றம்தான், ஆனால் 61 இல்லை. தூசி பல மாதம் வேகமாக வந்து அடித்ததில் தகடே கெட்டிருந்தது.

புது மானி வாங்கக் கடைக்குப் போனால் அங்கே ஒரு பரீட்சை. 1,600 ரூபாய்க்கு ஒன்று, 5,200க்கு ஒன்று. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மலிவானது பலசமயம் முதல் நாளிலிருந்தே தப்பாக அளக்கும் என்று பாரீஸ்காரன் எச்சரித்திருந்தான். தப்பாக அளக்கும் மானிதான் நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதற்கு எதற்கு 1,600? பழைய மானியின்மேல் அச்சிட்டிருந்த நம்பரை ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்து விலை அதிகமானதையே வாங்கினோம். காற்று போகும் திசைக்கு அதன் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்து மாட்டி, நட்சத்திர வாய் திருகு இரண்டையும் முடுக்கினார் மேஸ்திரி. வாக்வம் குழாயை அடைத்தபடியே எண்ணைப் பார்த்தோம்.

3,000 சுற்றில் 59.

குழாயைத் திரும்ப மாட்டி, விளக்கை அணைத்தோம். அதற்குப் பிறகு அது எரியவில்லை. இதை எழுதும் இன்றோடு பதினோரு மாதம்.

செலவுக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: மானி 5,200, ஃபில்டர் 650, ஸ்ப்ரே 480, அடாப்டர் 900. கூலி கேட்டதற்கு மேஸ்திரி வேண்டாம் என்றார். மருமகன் 500 ரூபாயைச் சட்டைப் பையில் திணித்தான். ஆக 7,730. சங்கிலியும் வளையலும் பீரோவிலேயே இருந்துவிட்டன.

அடாப்டரை மேஸ்திரி இரண்டு நாளைக்கென்று வாங்கிப் போனார். ஒரு மாதம் ஆகியும் வரவில்லை. கேட்கப் போனேன். வேறு ஒரு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, அந்த வண்டியின் சொந்தக்காரரிடம், "மொதல்ல தேபியப் பாக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடாப்டரைக் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். பேத்தி அவளுக்கு வேறொன்று வரவழைத்துக்கொண்டாள், இன்னொரு 900.